தென்வாசல் பெரியம்மா

காலையில் அம்மா பாலை இறக்கி வைக்கிற நேரத்துக்கு எதிர்வீட்டிலிருந்து அந்தக் குரல் வரும்.

"எதுத்த வூட்டுக்காரங்களே, கீறீங்களா?"

இருக்கிறீர்களா என்று கேட்கிறார். அடுப்படியில் இருந்தபடியே அம்மா, "கீறோம்க்கா" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் போகவில்லையென்றால் குரல் இன்னொரு தரம் வரும். அதற்கும் பதில் இல்லையென்றால் ஆளே வந்து நிற்பார். ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி எங்கள் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "செரி, அடுப்பப் பாரு" என்று திரும்பிப் போய்விடுவார். வேறு எதற்காகவும் வந்திருக்க மாட்டார். ஒரு கரண்டி சர்க்கரைகூடக் கேட்டதில்லை.

அம்மாவுக்கு அவர் அக்கா. எனக்குப் பெரியம்மா. நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, 'அந்தம்மா'. எங்களுக்கும் அவருக்கும் ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிட அந்தப் பக்கத்தில் அவரைவிட மூத்தவர்கள் யாரும் இல்லை. அவர் பெயர் என் காதில் விழுந்ததே இல்லை.

போன மாதத்திலிருந்து அவர் நினைப்பாகவே இருக்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதை எழுத இன்னும் கை வரவில்லை. பெரியம்மாவைப் பற்றி எழுதினால் ஒருவேளை வரும்.

திருப்பதியிலிருந்து திருச்சானூர் போகிற ரோட்டில் இன்று லாட்ஜும் கடையும்தான். ஷேர் ஆட்டோக்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன. நான் சிறு பெண்ணாக இருந்தபோது அங்கே கடலைக்காடு. ஒரு காட்டை மனைகளாகப் பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆடு மேய்ந்தது. ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருப்பதிக்கு யுனிவர்சிடி வந்தது, புதுப்புது ஆபீஸ்கள் வந்தன, அவற்றோடு உத்தியோகஸ்தர்கள் வந்தார்கள். ஊருக்குள் நல்ல தண்ணீரோடு ஒரு போர்ஷன் வாடகைக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது.

நகரி, புத்தூர், பாலசமுத்திரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. மதறாஸுக்கும் ஆந்திராவுக்கும் நடுவே கோடு எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் நம் ஊர் இந்தப் பக்கம் என்பார்கள். அடுத்த வாரம் இல்லை, அந்தப் பக்கம் என்பார்கள். பிள்ளை தமிழில் படிக்குமா தெலுங்கில் படிக்குமா, நிலத் தகராறு என்றால் எந்த ஊர் கோர்ட்டுக்குப் போவது, வேலைக்கு மனுப் போடுவது யாரிடம் என்று சந்தையிலும் பஸ்ஸிலும் இதே பேச்சு. கோடு எங்கே விழுந்தாலும் திருப்பதியில் ஒரு கூரை இருந்தால் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள் என்று சிலர் இங்கே மனை வாங்கினார்கள்.

அந்தக் கடலைக்காட்டில் முதலில் வீடு கட்டிக் குடிவந்தவர் பெரியம்மா. அவர் கணவருக்கு ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை. காலையில் சைக்கிளில் கேரியரை மாட்டிக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் வருவார். அதுவரை அந்த வெளியில் பெரியம்மாவும் ஆடுகளும்தான்.

அவர் சும்மா இருக்கவில்லை. ஆள் பிடித்தார்.

அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். புத்தூரில் கல்யாணம், நகரியில் காதுகுத்து என்றால் முதல் பஸ்ஸுக்கே போய்விடுவார். பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம், சாம்பார் வருவதற்கு முன்னால், "வூடு கட்டிட்டீங்களா?" என்று ஆரம்பிப்பார். கட்டவில்லை என்றால் போச்சு. பாயசம் வருவதற்குள் அவர்கள் எங்கள் மனைப்பிரிவைப் பார்க்க நாள் குறித்திருப்பார்கள். புரோக்கர் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் கமிஷன் எவ்வளவு என்று கேட்டாராம். "நீ வந்து குந்து. அதான் கமிஷன்" என்றாராம் பெரியம்மா.

அவரிடம் இருந்த சாமர்த்தியம், யாருக்கு எந்தக் காரணம் வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான். பெண் குழந்தைகள் இருக்கிற வீட்டாரிடம் காலேஜைச் சொல்வார். இளைப்பு இருக்கிறவரிடம் சாயங்காலம் ஆற்று மணலைத் தொட்டுக்கொண்டு வருகிற காற்றைச் சொல்வார். பக்தி உள்ளவரிடம், திருச்சானூர்த் தாயார் கோயில் மணி வீட்டுக்குள்ளேயே கேட்கும் என்பார். காற்று திரும்பியடித்தால்தான் கேட்கும், அதைச் சொல்ல மாட்டார். மாடு வைத்திருப்பவருக்கு மேய்ச்சல். கடன்காரர்களுக்குப் பயந்தவரிடம், "இந்தப் பக்கம் நாய்கூட வழி தெரிஞ்சு வராது" என்றாராம். அந்த ஆளும் வந்து கட்டினார்.

சித்தூரிலிருந்து ஒரு நர்ஸம்மா. பழைய மிஷன் சபையைச் சேர்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து வீடு தேடிக்கொண்டிருந்தார். தங்கள் ஜனம் யாரும் இல்லாத இடத்தில் எப்படி இருப்பது என்று அவருக்குத் தயக்கம். பெரியம்மா அவரிடம் சொன்னதை நர்ஸம்மாவே பல தடவை எங்கள் வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறார். "ஞாயித்துக்கெழம நீ கோயிலுக்குப் போறப்ப உன் வூட்ட நான் பாத்துக்கறேன். வெள்ளிக்கெழம நான் போறப்ப என் வூட்ட நீ பாத்துக்க. ரெண்டு பேரும் ஒரே கோயிலுக்குப் போனா வூட்ட யாரு பாக்கறது?" கிறிஸ்துமஸுக்கு நர்ஸம்மா வீட்டு வாசலில் பெரியம்மா கேட்டுக்கொண்டு போய் நட்சத்திரக் கோலம் போட்டார்.

தெலுங்கு லெக்சரர் ஒருவர் வந்தார். எங்கள் பக்கத்திலேயே வந்து இருங்கள் என்பதைப் பெரியம்மா அவரிடம் பாதித் தெலுங்கு, பாதித் தமிழில் சொன்னார். "ரண்டி சார், மா பக்கன உண்டண்டி, தண்ணி கஷ்டமே லேது" என்று கிணற்றடிக்குக் கூட்டிப் போய் வாளியைக் கையில் கொடுத்து இறைக்கச் சொன்னார். லெக்சரர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிணற்றில் நீர் இறைத்த சந்தோஷத்திலேயே மனையைப் பேசி முடித்துவிட்டார் என்று நைனா கேலி செய்வார்.

ஆனால் நைனாதான் பெரியம்மாவுக்கு வெகுநாள் பிடிகொடுக்கவில்லை.

நைனா ஊருக்குள் ஒரு ஹைஸ்கூலில் தமிழ் வாத்தியார். அங்கேயே ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். பெரியம்மா வீட்டுக்கு நேர் எதிரே, சந்துக்குத் தென்புறம், எங்கள் மனை. வடக்கே பார்த்த வாசல் வைக்கலாம் என்பதற்காகவே நைனா அதைத் தேர்ந்தெடுத்தார். மனையடி சாஸ்திரத்தில் அவருக்கு அவ்வளவு பிடிப்பு. அஸ்திவாரம் போட்டு, தரைமட்டத்துக்குமேல் இடுப்புயரம் கல் எழுப்பியாயிற்று. அப்போது கோடு பற்றிய பேச்சு முற்றியது. தமிழ் வகுப்புகளை மூடிவிடுவார்கள் என்று ஸ்கூலில் ஒரு வதந்தி. நைனா கட்டட வேலையை நிறுத்திவிட்டார்.

பள்ளிப்பட்டிலிருந்து என் தாய்மாமன் மாதம் ஒருமுறை வருவார். தோட்டத்துக் கத்தரிக்காயோடு யோசனையும் கொண்டுவருவார். "எங்க ஊரு மதறாஸ் பக்கம் போய்டும்னு சொல்றாங்க மாமா. தமிழ் வாத்தியாருக்கு இங்க இன்னா வேல? வந்துடுங்க" என்பார். அம்மா வாயைத் திறக்க மாட்டாள். பிறந்த வீட்டுப் பக்கம் போவது என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் ஆசையிருக்காது. ஆனால் திருப்பதியில் எனக்குக் காலேஜ் இருக்கிறது என்பதும் அவள் மனசில் இருந்தது. நான் அப்போது ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நைனா போய் அந்த அஸ்திவாரத்தைப் பார்த்துவிட்டு வருவார். நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிறவர் முகம்போல இருக்கும். ஒருநாள் அம்மாவும் நானும்கூடப் போனோம். முதலில் பார்த்தவள் அம்மாதான். கல்வரிசையின் வடக்குப் பக்கத்தில், நடுவில் வாசலுக்கு என்று இடைவெளி விட்டிருந்த இடத்துக்கு முன்னால், சாணி தெளித்து, புள்ளிக்கோலம் போட்டிருந்தது. கதவு இல்லை. சுவர் இல்லை. கோலம் மட்டும் இருந்தது.

"யாருக்கா இதப் போட்டது?" என்று எங்களைப் பார்த்துச் சந்துக்கு வந்த பெரியம்மாவிடம் அம்மா கேட்டாள்.

"நாந்தான். தெனம் எங்க வாசலுக்குப் போட்டுட்டு கையில மிச்சம் இருக்கற மாவ இங்க போடறேன்."

நைனாவுக்குச் சங்கடமாகப் போயிற்று. வீடே இல்லாத இடத்தில் கோலம் எதற்கு என்று கேட்டார்.

"வெறுங் கடக்கால்னா ஆட்டுக்காரன் ஆட்ட உள்ள ஓட்றான் வாத்தியாரே. கோலம் இருந்தா சுத்திக்கினு போறான். இது வூடுன்னு ஆட்டுக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்களுக்குத்தான் தெரியல."

நைனா சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றார். பிறகு பெரியம்மாவின் கணவரோடு கிணற்றைப் பார்க்கப் போனார். அம்மாவும் நானும் அவர் அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஏன்க்கா இப்படி எல்லோரையும் இழுத்து இழுத்துக் குடி வைக்கிறீர்கள் என்று அம்மா பேச்சுவாக்கில் கேட்டாள்.

பெரியம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கு நிலம் இருந்ததாம். ஊரைவிட்டுத் தள்ளி, கிணற்று மேட்டில், தனி வீடு. கல்யாணமாகி முதல் பிள்ளை வயிற்றில் இருந்த சமயம்.

"மத்தியானம். நல்ல வெயிலு. அவுரு மாடு வாங்கறதுக்கு சந்தைக்குப் போயிருந்தாரு. நாள் இன்னும் இருந்துச்சு, ஆனா வலி வந்துடுச்சு. கூப்ட்டேன். தொண்ட போற மட்டும் கூப்ட்டேன். ஒரு காக்கா பறந்துச்சு. அவ்ளோதான்."

ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "பொண்ணு" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொல்லி, கணவரை நிலத்தைக் குத்தகைக்கு விட வைத்து, ரயில்வே வேலைக்கு அனுப்பி, இங்கே வந்துவிட்டார். அவர்களுக்கு அப்புறம் குழந்தை இல்லை. "மண்ணு நல்லா இருக்குதா, தண்ணி நல்லா இருக்குதான்னு எல்லாரும் பாத்துதான் வூடு கட்றாங்க. கூப்டா கேக்கற தூரத்துல யாரு இருக்காங்கன்னு ஒருத்தரும் பாக்கறதில்ல" என்று சொல்லிவிட்டுக் கீரைத்தண்டுகளை அள்ளிக்கொண்டு எழுந்துபோனார்.

அன்றிலிருந்து ஒரு வாரம், சாதம் போடும்போதெல்லாம் அம்மா, "வூட்டு வேலைய எப்ப ஆரம்பிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் கோடு விழுந்தது. பாலசமுத்திரம் ஆந்திராவோடு நின்றது. பள்ளிப்பட்டு மதறாஸுக்குப் போயிற்று. அம்மாவின் பிறந்த வீடு ஒரே நாளில் வேறு ராஜ்யமாகிவிட்டது. தாய்மாமன் மறுவாரமே வந்து நின்றார். நைனா மனையை விற்றுவிடுவது என்று முடிவெடுத்தார். நாயுடுபேட்டையிலிருந்து ஒரு சிமெண்ட் வியாபாரி வந்தார். அவருக்கு அங்கே குடியிருக்க எண்ணமில்லை. சரக்கு வைக்கக் கிடங்கு கட்ட வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் லாரி வரும், மற்ற நாளெல்லாம் பூட்டிக்கிடக்கும் என்று அவரே சொன்னார்.

விஷயம் எப்படியோ பெரியம்மாவுக்குப் போய்விட்டது. ஒரு சாயங்காலம் ஊருக்குள் எங்கள் போர்ஷனைத் தேடிக்கொண்டு வந்தார். அதற்குமுன் அவர் அங்கே வந்ததே இல்லை. காபி வேண்டாம் என்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். நைனா நியாயங்களைச் சொல்லத் தயாராக உட்கார்ந்தார்.

"கெடங்கக் கூப்டா இன்னா பதில் சொல்லும் வாத்தியாரே?" என்று மட்டும் பெரியம்மா கேட்டார்.

நைனா, தன் வேலை, என் படிப்பு, தமிழ் வகுப்பு என்று எல்லாவற்றையும் சொன்னார். அவர் குறுக்கே பேசவில்லை. எல்லாம் முடிந்ததும், வாசல் எந்தப் பக்கம் வைப்பதாக இருந்தீர்கள் என்று கேட்டார். வடக்கே என்றார் நைனா. "நேரா நடுவுலயா, ஓரமாவா?" நடுவில்தான் என்றார். "செரி" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அந்தம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று நைனா அம்மாவிடம் கேட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரியம்மா வீட்டுக்குக் கிழக்குப் பார்த்த வாசல். மூலைமனை. கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே எங்கள் சந்து. சந்தைப் பார்த்த தெற்குச் சுவரில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. நாங்கள் வீடு கட்டியிருந்தால் எங்கள் வடக்கு வாசலுக்கு எதிரே அந்த வெறும் சுவர்தான் இருந்திருக்கும். தெற்கு, எமன் திசை. அந்தப் பக்கத்தில் வாசல் வைப்பவர்கள் அபூர்வம். அதிலும் வாசலுக்கு நேர் வாசல் வைத்தால் இரண்டு வீட்டில் ஒன்று தாழ்ந்துபோகும் என்று ஒரு நம்பிக்கை இன்றைக்கும் உண்டு. கொஞ்சம் தள்ளித்தான் வைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வியாபாரிக்கு மனையைக் காட்ட நைனா போனார். நானும் போனேன். தூரத்திலிருந்தே தெரிந்தது. பெரியம்மா வீட்டுத் தெற்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஓட்டை. மேஸ்திரி கடப்பாரையோடு நின்றார். பெரியம்மாவின் கணவர் விழுந்த செங்கல்லை எடுத்து ஒருபக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஓட்டைக்குள் பெரியம்மா வீட்டு அடுப்பு தெரிந்தது, அதில் சோறு கொதிப்பது தெரிந்தது. எதிரே எங்கள் அஸ்திவாரத்தின் நடுவில், வாசல் வர வேண்டிய இடத்தில், அன்றைய கோலம். நூல் பிடித்தாற்போல் ஓட்டைக்கு நேராக இருந்தது.

நைனா ஓட்டைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு, "என்னம்மா இது, தெக்குல வாசல் வைக்கறீங்க? எமன் வர்ற திசை" என்றார்.

பெரியம்மா தலையில் முண்டாசுபோல் துணி கட்டியிருந்தார். முகமெல்லாம் சுண்ணாம்பு. "வரட்டும் வாத்தியாரே. எதுத்தாப்ல நீங்க குந்திக்கினு இருந்தா உள்ள வர அவனுக்கு வெக்கமா இருக்கும்" என்றார்.

நைனா பெரியம்மாவின் கணவரைப் பார்த்தார், நீங்களாவது சொல்லக்கூடாதா என்பதுபோல. அவர் கையிலிருந்த செங்கல்லை வைத்துவிட்டு, "மேஸ்திரி கிட்ட நானும் சொல்லிப் பாத்தேன் சார். அவுருக்குத்தான் இவ மொதல்ல சோறு போட்டா, அப்புறம்தான் எனக்கு" என்றார்.

நாயுடுபேட்டைக்காரர் ஓட்டையைப் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார். "இக்கட முக்கு எவரு வேசாரு?" என்று கேட்டார். வீடில்லாத இடத்தில் யார் கோலம் போட்டது என்கிறார். எதிரே தெற்கு வாசல், அதுவும் நேருக்கு நேர், கட்டாத வீட்டுக்குக் கோலம். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லியனுப்புகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் சொல்லியனுப்பவே இல்லை. வியாபாரியை விரட்டத்தான் பெரியம்மா சுவரை இடித்தார் என்று லெக்சரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இருக்கலாம். ஆனால் வியாபாரி அன்றைக்கு வருவது அவருக்குத் தெரியாது என்று நர்ஸம்மா அடித்துச் சொன்னார். பெரியம்மாவிடம் கேட்டால், "அடுப்படில பொக நிக்குது, அதுக்குதான்" என்பார்.

வேறு ஆளுக்கு விற்றிருக்கலாம். நைனா விற்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றாமலே பஞ்சாங்கத்தை எடுத்தார். "வாசக்கால் வைக்க நாள் பாக்கணும்" என்றார். அம்மா உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. தமிழ் வகுப்பு மூடவில்லை. குறைந்தது, ஆனால் மூடவில்லை. நைனா அந்த ஸ்கூலிலேயே ஓய்வு பெற்றார்.

எதிரெதிர் வாசலில் இருப்பது சுகமான விஷயம் என்று மட்டும் சொன்னால் பொய். நைனாவும் அம்மாவும் வாய்விட்டுச் சண்டை போட முடியாது. குரல் எழும்பினால் எதிரே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுவிடும். வாசலுக்குத் திரை போடலாமா என்று அம்மா ஒருமுறை ஜாடையாகக் கேட்டாள். "போடேன், ஈ வராது" என்றார் பெரியம்மா. ஆனால் திரை போட்ட நாளிலிருந்து அவர் குரல் காலையில் இரண்டு மடங்கு உரத்தது. ஒரு வாரத்தில் அம்மாவே கழற்றிவிட்டாள். நான் காலேஜ் போக ஆரம்பித்த பிறகு, திரும்பி வர அரைமணி தாமதமானால் சந்து முனையில் அவர் நிற்பார். பெற்ற தாய் கேட்காத கேள்வியையெல்லாம் கேட்பார். எனக்கு அவரைப் பிடிக்காமல் போன வருஷங்கள் உண்டு.

ஒருமுறை மாமா பலாப்பழம் கொண்டுவந்தார். ஈ மொய்க்கிறதென்று கதவைச் சாத்திவிட்டு, எண்ணெய் தடவிய கையோடு எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சுளையெடுத்துத் தின்றுகொண்டிருந்தோம். பெரியம்மா கூப்பிட்ட குரல் யாருக்கும் கேட்கவில்லை. திடீரென்று கதவு அதிர்ந்தது. திறந்தால் பெரியம்மா, பின்னால் ஆஸ்பத்திரிப் பையோடு நர்ஸம்மா, அவருக்குப் பின்னால் கடப்பாரையோடு லெக்சரர். எங்கள் எண்ணெய்க் கைகளையும் வாயில் சுளையையும் பார்த்து நர்ஸம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பெரியம்மா சிரிக்கவில்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அம்மா ஒரு சுளையை நீட்டினாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் சாப்பிடவில்லை.

அவர் போனது எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து. பட்டப்பகல். நர்ஸம்மா நாடி பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா தலைமாட்டில் இருந்தாள். வீடு கொள்ளாமல் ஆட்கள் இருந்ததால் மீதிப் பேர் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தோம். தெற்கு வாசல் திறந்திருந்தது. எமன் அந்த வழியாகத்தான் வந்திருப்பான். நிச்சயம் வெட்கப்பட்டிருப்பான். கடைசியில் பெரியம்மாவுக்குக் கூப்பிட வேண்டிய அவசியமே வரவில்லை.

இனி போன மாதத்துக்கு வருகிறேன்.

என் மகளும் மருமகனும் ரேணிகுண்டா ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு புது நகரில் வீடு கட்டியிருக்கிறார்கள். ஏன் அவ்வளவு தூரத்தில் என்று கேட்டதற்கு மருமகன் சொன்ன காரணங்கள் எல்லாம் சரியான காரணங்கள். அகலமான ரோடு. நல்ல தண்ணீர். இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் பக்கத்திலேயே வருகிறது. இன்னும் கொஞ்ச காலத்தில் இந்த விலைக்குக் கிடைக்காது. கிழக்கே வாசல், வடகிழக்கில் கேட். தலைக்குமேல் உயரமாகக் காம்பவுண்டு சுவர். கிரகப்பிரவேசத்தன்று வந்தவர்களிடமெல்லாம் அந்தச் சுவரை நானே தட்டிக் காட்டினேன்.

போன மாதம் ஒருநாள், மருமகன் வேலைக்குப் போன பிறகு, பின்புறம் துணி துவைக்கிற கல்லடியில் மகள் வழுக்கி விழுந்தாள். தொடையெலும்பு முறிந்துவிட்டது. நகர முடியவில்லை. பக்கத்து வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்ததாம். எதிரே காலி மனை. முற்பகலில் நான்தான் போன் செய்தேன். சும்மா, என்ன குழம்பு என்று கேட்க. எடுக்கவில்லை, குளிக்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டே வெயிலில் கிடந்திருக்கிறாள். மாலையில் மருமகன் வந்து பார்க்கும்வரை அப்படியே.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "கூப்ட்டேன்மா."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அந்தக் கைகள் எனக்கு அப்போது கண்முன் வந்தன.

குணமாகி வருகிறாள். வாக்கரைப் பிடித்து நடக்கிறாள். நான் அவளோடுதான் இருக்கிறேன். இன்னும் பாத்ரூமில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் ஓடிப்போய்க் கதவைத் தட்டுகிறேன். அவளுக்கு எரிச்சல் வருகிறது. வரட்டும். காலையில் பக்கத்து வீட்டுச் சுவரோரம் போய் நின்று, "இருக்கீங்களாம்மா?" என்று கேட்கிறேன். அந்தப் பெண் முதலில் மிரண்டாள். இப்போது டி.வி.யைக் குறைத்துவிட்டு "இருக்கோம் ஆன்ட்டி" என்கிறாள். கேட்டைப் பகலில் திறந்தே வைக்கிறேன். எங்கள் வாசலுக்குக் கோலம் போட்டுவிட்டு, மிச்சம் இருக்கிற மாவை எதிர்மனையில் போடுகிறேன். அங்கே நாலு எல்லைக்கல்லும் கொஞ்சம் எருக்கஞ்செடியும்தான் இருக்கின்றன. வாசல் எங்கே வரும் என்று தெரியாது. உத்தேசமாக எங்கள் கேட்டுக்கு நேராகப் போடுகிறேன்.

"யாரும் இல்லாத இடத்துக்கு எதுக்கும்மா கோலம்?" என்று மகள் ஜன்னலிலிருந்து கேட்டாள். ஆடு வராமல் இருக்க என்றேன். இந்தப் பக்கம் ஆடே கிடையாதே என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் ஒரு தம்பதி வந்து அந்த மனையைப் பார்த்தார்கள். புருஷன் எல்லைக்கல்லுக்குக் கல் காலடியால் அளந்துகொண்டிருந்தான். அந்தப் பெண் கோலத்தருகே வந்ததும் நின்றாள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள்.

நான் கோலமாவுக் கையோடு ரோட்டைத் தாண்டிப் போனேன். தண்ணீர் எப்படி, ஸ்கூல் பக்கமா என்று அவளாகவே கேட்க ஆரம்பித்தாள். எல்லாம் நன்றாயிருக்கிறது என்றேன்.

"வாசல் எந்தப் பக்கம் வைக்கப் போறீங்கம்மா?" என்று கேட்டேன்.